வீடு திரும்பும் நோயாளிக்கு யார் பொறுப்பு? மருத்துவத் துறைக்கு வர விரும்புவோருக்கு ‘கேஸ் மனேஜ்மென்ட்’ பற்றிய ஓர் அறிமுகம்

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படிக்கும் ஒரு பிள்ளையிடம் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால், வைத்தியர், தாதியர், இயன்மருத்துவர், மருந்தாளர் என்ற பதில்களில் ஒன்று வரும். நோயைக் கண்டுபிடிப்பதும் அதற்குச் சிகிச்சை அளிப்பதுமே அந்தப் பதில்களுக்குப் பின்னால் நிற்கும் காட்சி. சிகிச்சை முடிந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு அந்த நோயாளி எந்த வாகனத்தில், எந்த வீட்டுக்கு, யாருடைய கைத்தாங்கலில் போகிறார், போன பிறகு அவருக்கு மருந்தை யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்பவை அந்தக் காட்சிக்குள் வருவதில்லை. இவற்றையே முழுநேர வேலையாகக் கொண்ட ஒரு துறை பல நாடுகளின் வைத்தியசாலைகளில் இருக்கிறது. அதனைக் கேஸ் மனேஜ்மென்ட் என்கிறார்கள். நோயாளர் பராமரிப்பு ஒருங்கிணைப்பு என்று நாம் விளங்கிக்கொள்ளலாம்.

வெளிநாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், மருத்துவக் கற்கைக்கோ தாதியக் கற்கைக்கோ விண்ணப்பிக்க இருக்கும் இளையோர் சிலர் இந்தப் பிரிவுகளில் உதவியாளராக ஓரிரு வருடங்கள் வேலை செய்கிறார்கள். விண்ணப்பத்தில் எழுதுவதற்கு ஓர் அனுபவம் என்றே பலர் இதைக் கருதுகிறார்கள். ஆனால் ஒரு சிகிச்சைத் திட்டம் நோயாளியின் வீட்டு வாசலைத் தாண்டும்போது என்ன ஆகிறது என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டக்கூடிய வேறு தொடக்கநிலை வேலை மிகக் குறைவு என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் மண்ணில் அந்தப் பதவி இல்லாவிட்டாலும் அந்த வேலை இருக்கிறது. அதனால் இங்கிருந்து மருத்துவத் துறைக்குப் போக விரும்புவோரும் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

இந்த வேலை எப்படி உருவானது

1895இல் லண்டனின் றோயல் பிறீ வைத்தியசாலை மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்மணியை நியமித்தது. இலவச சிகிச்சைக்கு வருபவர்களில் உண்மையிலேயே வசதியற்றவர் யார் என்று விசாரிப்பதும், அப்படிப்பட்டவர்களுக்கு வெளியில் கிடைக்கக்கூடிய உதவிகளைத் தேடிக் கொடுப்பதும் அவருடைய பணியாக இருந்தன. பத்து ஆண்டுகள் கழித்து, 1905இல், அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் ரிச்சட் கபொற் என்ற வைத்தியர், தாதியான கார்னற் பெல்ரனை இதுபோன்ற ஒரு பணிக்குச் சேர்த்துக்கொண்டார். அடுத்து வந்த ஐடா கனன் அந்தப் பிரிவைப் பல்லாண்டுகள் வளர்த்தெடுத்தார். நல்ல உணவும் ஓய்வும் தேவை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அவை இரண்டும் கிடைக்காத வீட்டுக்கு நோயாளியை அனுப்புவதால் பயனில்லை என்பதைக் கபொற் தமது வெளிநோயாளர் பிரிவில் கண்டிருந்தார்.

1960களுக்குப் பிறகு அமெரிக்காவின் பெரிய மனநல வைத்தியசாலைகளிலிருந்து நோயாளிகள் சமூகத்துக்குத் திரும்ப அனுப்பப்பட்டபோது, அவர்களுக்குத் தங்குமிடம், மருந்து, வருமானம் எல்லாவற்றையும் ஒருவரே தொடர்ந்து கவனிக்கவேண்டிய தேவை எழுந்தது. 1983இல் அங்குள்ள முதியோருக்கான அரச காப்புறுதியான மெடிகெயார், நோயாளி எத்தனை நாள் தங்கினாலும் அவருடைய நோய் வகைக்கு ஏற்ப ஒரு நிலையான தொகையையே வைத்தியசாலைக்குக் கொடுக்கும் முறைக்கு மாறியது. அவசியமின்றி நீளும் ஒவ்வொரு நாளும் வைத்தியசாலைக்கு நட்டம் என்றானதும் கேஸ் மனேஜ்மென்ட் பிரிவுகள் வேகமாகப் பெருகின. 2012 ஒக்ரோபரிலிருந்து, மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா ஆகியவற்றுக்காக அனுமதிக்கப்பட்டவர்கள் 30 நாட்களுக்குள் அளவுக்கு மீறித் திரும்பி வந்தால் வைத்தியசாலையின் கொடுப்பனவு குறைக்கப்படும் என்ற விதியும் வந்தது. விரைவாக அனுப்பவும் வேண்டும், திரும்பி வராமலும் பார்க்கவேண்டும்.

ஆகவே பரிவும் பணமும் இந்த வேலையில் தொடக்கத்திலிருந்தே சேர்ந்தே இருந்திருக்கின்றன. கட்டில் தேவைப்படுகிறது என்பதற்காக ஒரு முதியவரை அவசரப்படுத்துகிறோமா, அல்லது வீடு தயாராக இருப்பதால் அனுப்புகிறோமா என்று தன்னைத் தானே கேட்கவேண்டிய நிலை அங்கே வேலை செய்யும் இளையவருக்கு அடிக்கடி ஏற்படும். அந்தக் கேள்வி பின்னாளில் வைத்தியராக வரும் ஒருவருக்கும் ஓய்வு கொடுக்கப்போவதில்லை. முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் இந்த வேலையை முறைப்படி செய்பவர்கள் பெரும்பாலும் பதிவுபெற்ற தாதியரும் சமூகப் பணியாளருமே. உதவியாளராகச் சேரும் இளையவர் முதியோர் பராமரிப்பு நிலையங்களுக்குத் தொலைபேசி எடுத்து இடம் கேட்பார். ஒட்சிசன் இயந்திரம், சக்கர நாற்காலி முதலியவற்றுக்கு ஒழுங்கு செய்வார். காப்புறுதி நிறுவனத்துக்கு ஆவணங்களை அனுப்புவார். வெளிப்பார்வைக்குக் கடதாசி வேலைதான். ஆனால் ஒரு பாட்டி மூன்று இரவுகள் விடுதிக் கட்டிலில் படுத்திருந்தும், ஆவணத்தில் அவர் முறைப்படி அனுமதிக்கப்படாமல் ‘அவதானிப்பில்’ மட்டும் இருந்ததாகவே பதியப்பட்டிருந்தால், அடுத்து அவர் தாதியப் பராமரிப்பு நிலையத்துக்குப் போகும்போது மெடிகெயார் வழக்கமாகப் பணம் கொடுக்காது, ஏனெனில் தொடர்ச்சியாக மூன்று நாட்கள் அனுமதிக்கப்பட்ட நோயாளியாக இருந்திருக்கவேண்டும் என்பது விதி. காப்புறுதி மறுக்கும்போது சிகிச்சை அளிக்கும் வைத்தியரே காப்புறுதி நிறுவனத்தின் வைத்தியருடன் பேசி வாதாடும் நடைமுறையும் அங்கே உண்டு. எந்தக் குறிப்பு பதியப்பட்டிருந்தால் அந்த வாதம் வெல்லும், எது விடுபட்டதால் தோற்றது என்பதை அருகிலிருந்து பார்க்கும் ஒருவர், நோயாளர் குறிப்பை எழுதுவது எவ்வளவு பாரதூரமான செயல் என்பதை வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார்.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலையைச் செய்பவர் யார்

இங்கே அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அதனால் காப்புறுதிக் கடதாசிகளும் மறுப்புக் கடிதங்களும் எங்கள் விடுதிகளில் இல்லை. கேஸ் மனேஜர் என்ற பதவியையும் பொதுவாகக் காணமுடியாது. வேலை மட்டும் பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. விடுதித் தாதியர் கொஞ்சம் செய்கிறார். பயிற்சி வைத்தியர் கொஞ்சம் செய்கிறார். ஊரில் குடும்பநல உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் ஆகியோர் தத்தமது எல்லைக்குள் செய்கிறார்கள். மிகுதி முழுவதும் நோயாளியுடன் நிற்கும் ஆளின் தலையில் விழுகிறது, அவர் மகளாக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் சரி.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய இடங்களிலிருந்தும் தீவுகளிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவசரத்துக்கு வைத்தியசாலைக்கு வருவதற்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். காலில் கட்டுடன் திரும்பிப் போவதற்கு ஓட்டோவையோ பேருந்தையோ தேடிக்கொள்ளவேண்டும். திட்டமிட வேண்டியவை இந்த இடைவெளியில்தான் குவிந்து கிடக்கின்றன.

நெடுந்தீவைச் சேர்ந்த 65 வயதான ஒருவரை எண்ணிக்கொள்வோம். குறிப்பிட்ட எவரும் அல்லர். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட ஆள். பல வருடமாகச் சலரோகம். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. வெறுங்காலில் நடந்தபோது முள் குத்தியது தெரியாமல் புண்ணாகி, தொற்று ஏறி, ஈற்றில் ஒரு கால்விரலை அகற்றவேண்டி வந்தது. காயம் ஆறத் தொடங்கியதும் துண்டு வெட்டப்படுகிறது. அவர் கையில் கொடுக்கப்படும் டயக்னோசிஸ் காட் என்ற நோய்விபர அட்டையில் நான்கு அறிவுறுத்தல்கள்: நாளுக்கு ஒருமுறை மருந்து கட்டவேண்டும், காலையும் மாலையும் இன்சுலின் போடவேண்டும், அந்தக் காலை ஊன்றக்கூடாது, இரண்டு வாரத்தில் கிளினிக்குக்கு வரவேண்டும். மருத்துவ நோக்கில் நான்கும் சரியானவை.

இப்போது அவருடன் நெடுந்தீவுக்குப் போவோம். மருந்து கட்டுவதற்குத் தீவிலுள்ள வைத்தியசாலைக்குப் போகலாம், ஆனால் வீட்டிலிருந்து அங்கே அவர் வழக்கமாகச் சைக்கிளில் போகிறவர். காலை ஊன்றாமல் சைக்கிள் ஓட்டமுடியாது. மலசலகூடம் வளவின் மூலையில், குந்தியிருக்கும் வகையைச் சேர்ந்தது. ஒற்றைக் காலில் குந்தி எழும்ப அவரால் இயலாது. இருந்தபடியே மலங்கழிக்க உதவும் ஒரு கொமோட் கதிரை கிடைக்காவிட்டால் ஊன்றக்கூடாது என்ற அறிவுறுத்தல் முதல்நாட் காலையிலேயே மீறப்படும், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

இன்சுலின் இன்னும் சிக்கலானது. திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்கவேண்டும். உறையவிட்டால் மருந்து கெட்டுவிடும். திறந்து பயன்படுத்தும் குப்பியைப் பெரும்பாலான வகைகளில் ஏறத்தாழ 28 நாட்கள் வரை, வெயில் படாத, 25 அல்லது 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் வைத்திருக்கலாம் என்றாலும், சித்திரை வைகாசியில் எங்கள் வீடுகளின் உட்புறம் அந்த அளவைத் தாண்டிவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈரம் படாமல் பொதிந்த குப்பியை ஈர மணலிலோ தண்ணீரிலோ அமர்த்திய மண் கலயத்துக்குள் வைப்பது பயன் தரும் என்பதைச் சொல்லிக்கொடுக்க யாராவது வேண்டும். அதற்கு முதல், வீட்டில் பெட்டி இருக்கிறதா என்று யாராவது கேட்டிருக்கவும் வேண்டும்.

சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். இன்சுலினைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் குருதியில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பவர், கந்தசஷ்டியின் ஆறு நாளும் ஒரு நேர உணவோடு இருப்பவர், இவர்களுடைய வழக்கம் விடுதியில் எழுதப்படும் அறிவுறுத்தலில் இடம்பெறுவதில்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பாதரட்சை இல்லாமல் கொதிக்கும் மணலில் நடப்பதும் அப்படியே: உணர்ச்சியற்ற பாதத்தில் கொப்புளம் எழுந்ததை அவர் அன்றிரவு படுக்கும்போதுதான் காண்பார். கோவிலுக்குப் போகவேண்டாம் என்று சொன்னால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. எந்த நாட்களில் விரதம், அந்நாட்களில் மருந்தளவை மாற்றமுடியுமா, வெயில் ஏறுமுன் போய்வரலாமா என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுத் திட்டமிடலாம்.

கிளினிக்குக்கு வருவதென்றால் காலையில் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் யாழ்ப்பாணம் வரவேண்டும். ஒற்றைக் காலோடு இறங்குதுறையில் ஏறி இறங்க ஓர் ஆள் கூட வரவேண்டும். அந்த ஆளின் நாட்கூலி போய்விடும். கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. இவையெல்லாம் தெரிந்தால் கிளினிக்கையும் இரத்தப் பரிசோதனையையும் ஒரே நாளுக்கு மாற்றலாம். அல்லது இடைக்காலப் பார்வையைத் தீவு வைத்தியசாலையிலேயே செய்துகொள்ள ஒரு கடிதம் கொடுக்கலாம். அந்த முடிவை எடுக்கவேண்டியவர் வைத்தியர். முடிவெடுப்பதற்கு வேண்டிய தகவலை அவர் மேசைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே பராமரிப்பு ஒருங்கிணைப்பு.

இதிலிருந்து எதைக் கற்கலாம்

முதலாவது, கேட்கும் முறை. எங்கள் முதியவர்கள் வைத்தியருக்கு முன்னால் மரியாதையின் பொருட்டு எல்லாவற்றுக்கும் ஓம் சொல்வார்கள். “அம்மா, ஊசி ஒழுங்காப் போடுறீங்களோ?” என்றால் “ஓம் பிள்ளை” என்ற பதில்தான் வரும், அதிலிருந்து அறிந்துகொள்வதற்கு ஒன்றும் இல்லை. “நேற்று இரவு சாப்பிட முதல் என்னென்ன செய்தனீங்கள், ஒருக்கால் சொல்லுங்கோ” என்று கேட்டால், ஊசி போட்டது சாப்பாட்டுக்குப் பிறகு என்பதும், கண் மங்கலால் ஊசியில் உள்ள கோடுகள் தெரியாமல் பேரன்தான் அளந்து கொடுத்தான் என்பதும், அவன் ரியூசனுக்குப் போன நாளில் ஊசியே போடவில்லை என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். விளக்கம் கொடுத்த பின் நோயாளியையே தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்வதும் இந்தத் துறையில் நிலைபெற்ற வழக்கம். டயக்னோசிஸ் காட் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படும் எங்கள் சூழலில் இது மேலதிகமான தேவை. மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து மருத்துவ நூல்களையும் தமிழில் வெளிக்கொணர்ந்தார் என்பதை எண்ணும்போது, ஒரு மருந்துச் சீட்டை வீட்டாருக்குத் தமிழில் விளக்குவதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கமுடியாது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அடுத்தது, குறிப்பில் காரணத்தை எழுதும் பழக்கம். ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்ற ஒரு வரி, அடுத்துப் பார்க்கும் வைத்தியரின் மனத்தில் ஒரு தீர்ப்பாகப் பதிந்துவிடும். ‘கூட வர ஆள் இல்லாததால் இரண்டு கிளினிக் தவறியது’ என்று எழுதினால், அடுத்தவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது. இரண்டு வரிகளும் ஒரே நிகழ்வைப் பற்றியவை. இந்த வேறுபாட்டை இருபது வயதில் உணர்ந்த ஒருவர் நாற்பது வயதில் நோயாளியைக் கடிந்துகொள்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்.

யார் எதை அறிவார் என்பதும் இங்கேதான் விளங்கும். நோயாளி படியேறுவாரா என்பதை இயன்மருத்துவர் சொல்வார். சமையலறையில் எப்படி இயங்குவார் என்பதைத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சொல்வார். அவர் இரவில் அழுகிறார் என்பது விடுதியில் சிற்றூழியராக இருப்பவருக்குத் தெரிந்திருக்கும், வைத்தியருக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு நிலைமையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பெற்றோர் இருவரும் தனியாக இங்கே. பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ. பாரிசவாதத்தால் தகப்பன் விழுந்ததும் முடிவுகள் தொலைபேசியில் எடுக்கப்படுகின்றன. இங்கே மாலை ஆறு மணி என்றால் ரொறன்ரோவில் அன்று காலை. மகன் வேலைக்குப் போகும் வழியில் பேசுகிறார். தனியார் வைத்தியசாலைக்கு மாற்றுங்கள், ஆள் வைத்துப் பாருங்கள், பணம் அனுப்புகிறேன் என்கிறார். அந்த அன்பில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும்; திருப்பவேண்டியவர் எழுபது வயதான, நாரிப்பிடிப்புள்ள தாய். பணம் அனுப்புபவர், பக்கத்தில் நிற்பவர், நோயாளி ஆகிய மூவருடைய விருப்பமும் மூன்று விதமாக இருக்கலாம். தெளிவான அறிவோடு இருக்கும் நோயாளி தமக்கு எது வேண்டாம் என்று சொன்னால் அந்தச் சொல்லே முதன்மையானது. வெளிநாட்டில் உள்ளவரை மதிப்போடு பேசி அதை விளங்கவைப்பது ஒரு திறமை. அதை மருத்துவக் கல்லூரியின் விரிவுரை மண்டபத்தில் இருந்து கற்பது கடினம்.

இரகசியம் காப்பதும் இங்கே சோதனைக்கு உள்ளாகும். “தம்பி எவ்விடம்? ஆற்றை மகன்?” என்ற கேள்வியோடு பழகும் சமூகம் இது. விடுதியில் உதவிக்கு நிற்கும் மாணவர் தமது ஊர்க்காரரின் கிளினிக் கொப்பியைக் காணநேரும். ஊருக்குத் திரும்பியதும், “எங்கடை சின்னத்தம்பியரை விடுதியிலை கண்டனீரோ, என்னவாம்?” என்று கோவில் வீதியில் ஒருவர் கரிசனையோடுதான் கேட்பார். பதில் சொல்லாமல் இருப்பது மரியாதைக் குறைவு போலத் தோன்றும். “அவையின்ரை வீட்டிலை கேளுங்கோ ஐயா” என்று பணிவாகச் சொல்லிப் பழகவேண்டும். வீட்டில் தாய் கேட்டாலும் அதே பதில்தான்.

தமது எல்லையை அறிவதையும் இதனோடு சேர்த்துச் சொல்லவேண்டும். தகுதி பெறாதவர் மருந்தளவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. “கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போய், உண்மையிலேயே கேட்டு, திரும்பி வந்து சொல்வது மட்டுமே அவருக்கு உரியது. அந்தத் திரும்பி வருதலை நோயாளிகள் நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள்.

இங்கிருந்து தொடங்குவது

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்குமாகக் காத்திருக்கும் மாதங்கள் இதற்கு ஏற்றவை. வைத்தியசாலைக்குள் நுழைந்து நிற்க எவருக்கும் தாமாக உரிமை இல்லை. நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். முதியோர் இல்லங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளும் பெரும்பாலும் தொண்டர்களை விரும்பி ஏற்றுக்கொள்ளும். அதைவிட அருகில், வீட்டில் பாட்டியின் கிளினிக் கொப்பி இருக்கும். அவருடைய சம்மதத்தோடு அதை எடுத்து, எந்த மருந்து எந்த நேரத்துக்கு, எது முடியப் போகிறது, அடுத்த கிளினிக் எப்போது, கடைசிப் பரிசோதனையின் பெறுபேறு எங்கே என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, அடுத்த முறை கிளினிக்குக்கு அவருடன் போங்கள். வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறார், வைத்தியரிடம் எவ்வளவு நேரம் பேசுகிறார், சொல்ல நினைத்ததில் எதைச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று கவனியுங்கள். இரண்டு நாள் கழித்து, மாற்றிய மருந்தை அவர் எப்படி எடுக்கிறார் என்று பாருங்கள். பழைய குளிசையும் புதிய குளிசையும் ஒரே பெட்டியில் கலந்து கிடப்பதை அநேகமாகக் காண்பீர்கள். இரண்டையும் வேறாக்கிவிட்டு, எதை நிறுத்தவேண்டும் என்பதைக் கிளினிக் கொப்பியோடு போய் மருந்தாளரிடமோ தாதியரிடமோ உறுதிப்படுத்துங்கள்.

வெளிநாட்டுக் கற்கைக்கோ இங்கே ஒரு நேர்முகத் தேர்வுக்கோ இந்த அனுபவத்தைச் சொல்ல நேர்ந்தால், எத்தனை மணித்தியாலம் உதவினீர்கள் என்பதோடு நிறுத்தாமல், எந்தத் திட்டம் எந்த இடத்தில் தடைப்பட்டது, யாரிடம் தெரிவித்தீர்கள், பிறகு என்ன மாறியது என்பதைச் சொல்லுங்கள். நோயாளியின் பெயர், ஊர், தொழில், உறவுமுறை ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் இவற்றில் இரண்டு தெரிந்தாலே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள்.